கடலைக்காட்டில் மயில் இறங்கினால் என்ன செய்வது?

அழகர்மலை அடிவாரத்தில் கடலை போடுகிறவர்களிடம் எது பெரிய தொல்லை என்று கேட்டுப் பாருங்கள், பன்றிக்கு அடுத்து மயிலைத்தான் சொல்வார்கள். முதன்முறை விதைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் சட்டம். 1963 முதல் மயில் நம் தேசியப் பறவை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. கொன்றால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. விஷம் கலந்த தானியம், கண்ணி, மின்வேலி எதையும் நினைக்கவே வேண்டாம். விரட்டலாம், அவ்வளவுதான். அதற்கே எங்கள் அப்பத்தா, "முருகன் வாகனத்தப் போயி வெரட்டுறியேடா" என்று சடைத்துக்கொள்ளும். கும்பிட்டுவிட்டுத்தான் விரட்டுகிறேன்.

விதைக்கும் முன் இரண்டு நாள் சும்மா கவனியுங்கள். ராத்திரி உயரமான மரத்தில் அடையும் மயில், விடிந்ததும் இறங்கி, பெரும்பாலும் நடந்தே வரும். வெயில் ஏறினால் சீமைக்கருவேலப் புதருக்குள் ஒதுங்கும். சாயங்காலம் மறுபடி வரும். எந்த வரப்பு வழியாக நுழைகிறது என்பதைக் கால்தடம் காட்டிக்கொடுக்கும்.

அந்த வரப்பை ஒட்டிய புதரை வெட்டிவிடுங்கள். வெட்டும் முன் உள்ளே முட்டை இருக்கிறதா என்று பாருங்கள். மழைக்காலத்தில் தரையில்தான் முட்டையிடும். இருந்தால் தொடாதீர்கள், குஞ்சு பொரிக்க ஒரு மாதம் போல ஆகும்.

அடுத்தது சேலை வேலி. ஆறடிக்கு ஒரு குச்சி நட்டு, இடுப்பளவு உயரத்தில் பழைய சேலைகளை இடைவெளி இல்லாமல் கட்டுங்கள். நடந்து வரும் மயிலுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. எங்கள் காட்டைச் சுற்றி மூன்று தலைமுறைச் சேலைகள் நிற்கின்றன. மீன்வலையும் கட்டலாம், ஆனால் தொய்வாக விட்டால் மயில் காலும் பாம்பும் சிக்கிக்கொள்ளும், விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள்.

சேலைக்கு மேலே பழைய கேசட் நாடாவை முறுக்கிக் கட்டினால் காற்றில் மினுங்கும், 'உய்ங்' என்று இரையும். ஆடிப்பட்டத்தில் காற்றுக்கா பஞ்சம்?

எதுவானாலும் சில நாளில் மயிலுக்குப் பழகிப்போகும். நாடாவை இடம் மாற்றுங்கள், ஒருநாள் தகரம் தட்டுங்கள், ஒருநாள் நாயைக் கூட்டிப்போங்கள். விதைத்ததிலிருந்து முளை எழும்பும்வரை, சுமார் பத்து நாள், விடியற்காலையில் ஆள் இருந்தே ஆகவேண்டும். கிளறித் தின்பது அப்போதுதான் அதிகம்.

அறுவடை முடிந்ததும் நாடாவை மறக்காமல் சுருட்டி எடுத்துவிடுங்கள். மேய வரும் ஆடு மாடு தின்றுவிடும்.