மாங்கொட்டைப் பாட்டி பேசுகிறாள்

ஆனி மாதம் பிறந்தால் எங்கள் வகுப்பறைச் சன்னலோரம் முழுக்க, பொம்மை செய்வதற்காக மாங்கொட்டைகள் காயும். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் வேப்பனப்பள்ளிப் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளியில் ஒன்றாம் வகுப்பு ஆசிரியை நான். ஆந்திர எல்லை அருகில் இருப்பதால் பல பிள்ளைகளுக்கு வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ். புதிதாகச் சேரும் சிலருக்கு இரண்டுக்கும் நடுவில் வாயே அடைத்துப்போகிறது.

அப்படி ஒரு சிறுமி ஜூன் தொடங்கி ஆகஸ்ட் வரை என்னிடம் ஒரு சொல்கூடப் பேசவில்லை. பெயர் கேட்டால் சட்டைப் பொத்தானைத் திருகுவாள். ஒருநாள் மாங்கொட்டையில் செய்த பாட்டி பொம்மையை அவள் கையில் கொடுத்துவிட்டு, பொம்மையைப் பார்த்து, “பாட்டி, காலையில் என்ன சாப்பிட்டீர்கள்?” என்றேன். பொம்மைக்குப் பின்னாலிருந்து “சங்கடி” என்று பதில் வந்தது. கேழ்வரகுக் களிக்குத் தெலுங்குப் பெயர் அது. அன்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நீங்களும் செய்து பாருங்கள். நார் நீளமாக உள்ள நாட்டு மாம்பழக் கொட்டைதான் நல்லது. சோப்பு நீரில் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயும்வரை சில நாள் வெயிலில் வையுங்கள். ஈரம் மிச்சமிருந்தால் பூஞ்சை பிடிக்கும். காய்ந்ததும் ஒரு பக்கத்து நாரை ஒட்ட நறுக்கினால் முகம். மறுபக்கத்து நாரைச் சீப்பால் வாரினால் தலைமுடி. அடிவிளிம்பைப் பெரியவர்கள் கத்திமுனையால் சற்று நெம்பி, ஒரு சாண் மூங்கில் குச்சியைச் செருகிப் பசையிட வேண்டும். கழுத்தில் துண்டுத்துணியைச் சுற்றிக் கட்டினால் சேலை.

கண்களைப் பிள்ளையே வரையட்டும். வாய்க்கு மட்டும் ஒரு நேர்கோடு போதும். சிரித்த வாயை வரைந்துவிட்டால் அந்தப் பொம்மையால் அழ முடியாது, கோபப்படவும் முடியாது. பிள்ளைகளுக்கோ அழுவதற்கும் கோபப்படுவதற்கும்தான் பொம்மை அதிகம் தேவைப்படுகிறது.

திரைக்குப் பழைய வேட்டியை இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே கட்டுங்கள்; மண்டியிட்ட பிள்ளையின் தலை மறைய வேண்டும். நம் ஊர்ப் பொம்மலாட்டத்தில் சில மரப்பாவைகள் நாலரை அடி உயரமும் 10 கிலோ எடையும் இருக்கும். கயிறுகளைக் கலைஞர் தம் தலையில் அணிந்த வளையத்தில் கட்டியிருப்பார். அவர் தலை அசைந்தால் பாவையும் அசையும். எங்கள் பாட்டி உள்ளங்கையளவுதான். ஆனாலும் அவளை ஆட்டும் பிள்ளைக்குத் தலை முதல் கால் வரை ஆடுகிறது. கையைக் கட்டி உட்கார வைத்தால் திக்கும் பிள்ளைக்கு, உடம்பு அசையும்போது சொல் எளிதாக வருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கேள்வியைப் பொம்மையிடம் கேளுங்கள், பிள்ளையின் முகத்தைப் பார்க்காதீர்கள். நடுவில் திருத்தவே கூடாது. “சங்கடி” என்று வந்தால், உங்கள் கையிலுள்ள பொம்மை “ஆகா, எனக்கும் களி பிடிக்கும்” என்று சொல்லட்டும். தமிழ்ச் சொல் தானாகப் போய்ச் சேரும். கணக்குக்கு, பொம்மையைத் தப்பாக எண்ண விடுங்கள். “ஏழு, எட்டு, பத்து” என்றதும் வகுப்பே எழுந்து நின்று ஒன்பதைக் கத்தும்.

ஒன்றை மட்டும் மன்றாடிக் கேட்கிறேன். பொம்மை வாயால் சில நேரம் வீட்டுத் துயரமும் வெளிவரும். சிரிக்காதீர்கள், மற்றவர் முன் துருவாதீர்கள். பிறகு தனியே, பொறுமையாகக் கேளுங்கள். பிள்ளையை யாரோ துன்புறுத்துவதாகத் தெரிந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழையுங்கள்.

மாம்பழம் இல்லாத மாதங்களில் ஜோடி தொலைந்த ஒற்றைக் காலுறை போதும். குதிகால் பகுதி விரல்முட்டிகளின் மேல் வருமாறு மாட்டி, விரல்களுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே துணியை உள்ளே அழுத்தினால் வாய் கிடைத்துவிடும். பொத்தான் கண்களை இரட்டை நூலால் தையுங்கள். ஒட்டினால் இரண்டே நாளில் பிய்த்துவிடுவார்கள்.