கதீட்டர் சுவரைத் தொடுகிறதா? ஜீரோவிலிருந்து தொடங்குங்கள்

இதயத் துடிப்புக் கோளாறைச் சரிசெய்ய, கதீட்டர் என்ற மெல்லிய குழாயை இதயத்துக்குள் செலுத்தி, அதன் நுனியில் கரண்ட் கொடுத்துச் சுவரில் சிறு இடங்களைச் சுடுவார்கள். அது நடக்கும் கேத் லேபில், கதீட்டர் இருக்கும் இடத்தைக் காட்டும் மேப்பிங் திரையைப் பார்ப்பது என் வேலை. டாக்டர் கதீட்டரை நகர்த்துவார். அதன் நுனி இதயச் சுவரை எத்தனை கிராம் விசையில் அழுத்துகிறது என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பேன். நுனிக்குள் இருப்பது சில கதீட்டர்களில் குட்டி ஸ்பிரிங், சிலவற்றில் ஆப்டிக் ஃபைபர் இழை. எதுவானாலும் ஜீரோ, அதாவது நுனி எதையும் தொடாத நிலையை 0 கிராம் என்று கருவிக்குக் காட்டுவது, தப்பினால் எல்லாம் தப்பு.

கதீட்டரை இணைத்தவுடன் ஜீரோ போடாதீர்கள். உடல் சூட்டில் சிறிது நேரம் இருந்து நிலைபெறட்டும். அப்புறம் நுனியை ஷீத்துக்கு (கதீட்டர் உள்ளே போகும் வெளிக்குழாய்) வெளியே, மேலறையின் நடுவில் மிதக்கவிடச் சொல்லுங்கள். மிதக்கும்போது நுனியில் பதிவாகும் இதயத்தின் மின் சிக்னல் சிறுத்திருக்கும். விசைக் கோடு துடிப்புக்குத் துடிப்பு எகிறாமல் தட்டையாக ஓடும். அப்போது போடுங்கள்.

ஒருமுறை அவசரத்தில், நுனி சுவரில் லேசாகச் சாய்ந்திருந்தபோதே போட்டுவிட்டேன். அதன்பின் திரையில் வந்த எண்ணெல்லாம் உண்மையைவிடக் குறைவு. "இன்னும் அழுத்தணுமா?" என்று டாக்டர் கேட்டார். "கொஞ்சம்" என்றேன். கரண்ட் கொடுத்ததும் இம்பீடன்ஸ் (மின்தடை) மளமளவென்று சரிந்தது, நுனி அளவுக்கு மீறி அழுத்துகிறது என்று அப்போதுதான் உறைத்தது. உடனே நிறுத்தச் சொன்னேன். நல்லவேளை, நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை.

அடுத்தது சராசரி. திரை 15 கிராம் என்று காட்டும், மனசு நிம்மதியாகும். கோட்டைப் பாருங்கள்: மூச்சோடு சேர்ந்து 0-க்கும் 30-க்கும் இடையே ஊசலாடிக்கொண்டிருக்கலாம். அது தொடுதல் இல்லை, தட்டுதல். அங்கே சூடு ஆழமாக இறங்காது. நான் சராசரியை விட்டுவிட்டு, கோடு கீழே எதுவரை இறங்குகிறது என்பதையே சொல்வேன்.

பொதுவாக 10 முதல் 40 கிராம் வரை வைத்துக்கொள்வார்கள். இடது மேலறையின் பின்சுவரில் அந்த வரம்பின் கீழ்ப்பக்கமே போதும். சுவர் மெல்லிசு, ஒட்டினாற்போல் உணவுக்குழாய் போகிறது. விசை நன்றாக இருந்தும் இம்பீடன்ஸ் இறங்கவே இல்லையென்றால், நுனி நழுவுகிறதா என்று பாருங்கள். நுனி பாதி ஷீத்துக்குள் இருந்தாலும் எண் பொய் சொல்லும். விசை திடீரென்று எகிறினால் எனக்கு முதல் சந்தேகம் ஷீத் மேல்தான்.

வேறு அறைக்குப் போனாலோ எண்மேல் சந்தேகம் வந்தாலோ மறுபடி மிதக்கவிடுங்கள். அங்கே 5 கிராம் காட்டினால், டாக்டர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, இன்னொரு ஜீரோ கேட்டு வாங்குங்கள்.