வேறு ஊர்க் குழந்தைகளுக்கு நிகழ்ச்சி எடுக்கப் போகிறீர்களா?

ஒரு நாட்டில் ஓடிய குழந்தைகள் நிகழ்ச்சியை இன்னொரு நாட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்றால் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது டப்பிங்தான். தயவுசெய்து அதில் தொடங்காதீர்கள். 1969இல் அமெரிக்காவில் ஆரம்பித்த, பொம்மைப் பாத்திரங்களும் மனிதர்களும் ஒரே தெருவில் வாழ்கிற செசமி ஸ்ட்ரீட் என்ற டிவி நிகழ்ச்சியை 1972இல் மெக்சிகோவுக்கும் பிரேசிலுக்கும் கொண்டுபோனபோது, அந்தந்த நாட்டுக் கலைஞர்களையும் கல்வியாளர்களையும் சேர்த்துக்கொண்டு அங்கேயே தயாரித்தார்கள். நீங்களும் அந்த வழியில் போங்கள்.

கதை எழுதுவதற்கு முன்னால் அந்த ஊர் ஆசிரியர்கள், குழந்தை மருத்துவர்கள், பெற்றோர் எல்லோரையும் உட்காரவைத்து "உங்கள் பிள்ளைகளுக்கு இப்போது எது தேவை?" என்று கேளுங்கள், நீங்கள் எதிர்பார்க்காத பதில்தான் பெரும்பாலும் வரும். செசமி தென்னாப்பிரிக்காவுக்குப் போனபோது அங்கே எழுத்தும் எண்ணும் மட்டும் போதவில்லை, எச்ஐவி வீட்டுக்குள்ளேயே இருந்தது. அதனால் 2002இல் காமி என்ற பொம்மைப் பாத்திரம் வந்தது. எச்ஐவியோடு வாழ்கிற, தாயை இழந்த குட்டிப் பெண், ஆனால் மற்றவர்களோடு ஓடிப்பிடித்து விளையாடுகிறவள். வெளியூரிலிருந்து வந்த ஒருவர் தன் மேஜையில் உட்கார்ந்து இதை யோசித்திருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அவர்கள் வேண்டாம் என்று சொல்வதையும் கேளுங்கள். 1998இல் ஒளிபரப்பான செசமியை இஸ்ரேலியர்களும் பாலஸ்தீனர்களும் சேர்ந்து தயாரித்தபோது இரு தரப்புப் பாத்திரங்களும் ஒரே தெருவில் குடியிருப்பது சரிப்படவில்லை, அந்த இடம் யாருடையது என்ற கேள்வி வந்துவிட்டது. கடைசியில் தனித்தனித் தெரு, ஒருவர் இன்னொருவர் தெருவுக்கு விருந்தாளியாகப் போவார் என்று முடிவானது. தயாரிப்பாளரின் ஆசையைவிட அந்தக் குழந்தைகள் வாழ்கிற நிலைமைதானே முக்கியம்.

பாத்திரங்களும் அந்த மண்ணிலிருந்தே வரட்டும். வங்கதேசத்துச் செசமியான சிசிம்பூரில் ஹாலும் என்ற வங்கப்புலி இருக்கிறது, 2006இல் வந்த இந்தியத் தயாரிப்பில் சம்கி பள்ளிச் சீருடையில் வருகிறாள். சாப்பாடு, உடை, உட்காரும் விதம், எந்தக் கையால் கொடுக்கிறார்கள் என்பதையெல்லாம் உள்ளூர் ஆள் ஒருவர் படப்பிடிப்பிலேயே நின்று பார்க்கட்டும், எடிட்டிங்கில் கண்டுபிடித்தால் செலவு உங்கள் தலையில்தான் விழும்.

சில துண்டுப் படங்களைப் பல நாடுகளில் பயன்படுத்தலாம். அதற்குப் பேச்சு குறைவாக, படத்துக்குள் எழுத்தே இல்லாமல் எடுங்கள், வசனத்தைத் தனி டிராக்கிலும் இசையையும் ஒலிகளையும் வேறு டிராக்கிலும் வைத்திருங்கள்.

அப்புறம் சோதனை. இதைத் தவிர்க்கவே கூடாது. செசமி ஆய்வாளர் எட்வர்ட் பால்மர் டிவிக்குப் பக்கத்தில் ஏழரை விநாடிக்கு ஒருமுறை மாறும் ஸ்லைடுகளை ஓடவிட்டு, குழந்தையின் கண் எப்போது டிவியை விட்டுப் போகிறது என்று குறித்தார். நீங்கள் பக்கத்தில் ஒரு போனில் படங்களை மாற்றிக்கொண்டே இருந்தால் போதும். பல குழந்தைகள் ஒரே இடத்தில் திரும்பிவிட்டால் அந்தக் காட்சி உங்களுக்கு எவ்வளவு பிடித்திருந்தாலும் வெட்டிவிடுங்கள். கதையைத் திரும்பச் சொல்லச் சொல்லியும் பாருங்கள், கண் கொட்டாமல் பார்த்த பிள்ளைக்கும் விஷயம் புரியாமல் போயிருக்கலாம்.

யார் வீட்டில் டிவி இல்லை என்பதையும் முதல் நாளே விசாரித்துவிடுங்கள். வங்கதேசத்தில் டிவியையும் ஜெனரேட்டரையும் ரிக்‌ஷா வண்டியில் ஏற்றிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போய்ச் சிசிம்பூரைக் காட்டினார்கள், அந்த வண்டிக்கான பணத்தை நீங்களும் பட்ஜெட்டில் ஆரம்பத்திலேயே ஒதுக்கிவையுங்கள்.