பால்குடிப் பிள்ளையின் அந்திநேர அழுகையும் தாயின் உணவும்

பிறந்த இரண்டு மூன்று வாரங்களில் தொடங்கி, ஆறாவது வாரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதங்களில் பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும் விடாத அழுகையை மருத்துவர்கள் கோலிக் என்கிறார்கள். முகம் சிவந்து, கால்களை வயிற்றோடு மடக்கிக்கொண்டு பிள்ளை வீறிட்டழும்போது, வீட்டார் முதலில் கைவைப்பது தாயின் சாப்பாட்டில்தான். கிழங்கு வாயு, பருப்பு மாந்தம் என்று ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே போனால், பச்சை உடம்புக்காரிக்குப் பூண்டு ரசமும் சோறும்தான் மிஞ்சும். தாயின் குடலில் உண்டாகும் வாயு பாலுக்குள் போவதில்லை என்பதால், இந்தப் பட்டினி தேவையற்றது.

பாலுக்குள் போவது, அவள் உண்ட உணவிலுள்ள புரதத்தின் நுண்ணிய அளவு. அதில் முதலில் ஐயப்பட வேண்டியது பசும்பால். அதுவும் மலத்தில் சளி அல்லது இரத்தம், தோலில் கரப்பான், ஓயாத வாந்தி, எடை ஏறாமை போன்றவை அழுகையோடு சேர்ந்திருந்தால்தான் ஐயம் வலுக்கும். அப்போது மருத்துவரைக் கலந்துகொண்டு, பால், தயிர், மோர், நெய், பனீர், பால்பொடி கலந்த பிஸ்கட் ஆகிய அனைத்தையும் 2 முதல் 4 வாரங்களுக்கு நிறுத்திப் பாருங்கள். புரதம் ஏறக்குறைய ஒன்றே என்பதால் ஆட்டுப்பாலும் எருமைப்பாலும் மாற்றாகா. கேழ்வரகு, எள், நெத்திலி ஆகியவற்றால் சுண்ணாம்புச் சத்தை ஈடுகட்டலாம். பிள்ளை அழுத நேரத்தை நாள்தோறும் குறித்து வையுங்கள். அழுகை குறைந்தால் அத்துடன் நின்றுவிடாமல், பாலை மீண்டும் சேர்த்துப் பார்ப்பது அவசியம். வயது ஏற ஏறத் தானே குறையும் அழுகையைப் பத்தியம் குறைத்ததாக எண்ணிவிடுவது மிக எளிது. சேர்த்தும் மாற்றமில்லையென்றால் தாராளமாகக் குடியுங்கள்.

காப்பியை ஒன்றிரண்டு டம்ளருக்குள் நிறுத்துவது நல்லது. பிறந்த குழந்தையின் உடல் அதிலுள்ள காஃபீனில் பாதியை வெளியேற்றவே ஏறத்தாழ 3 நாட்கள் ஆகும்.

பிள்ளைக்கு 6 மாதம்வரை தாய்ப்பால் மட்டும் போதும். புட்டிப்பால் கொடுப்பவர்கள் டப்பாவில் குறித்துள்ள அளவிலேயே மாவைக் கரைத்து, நிமிர்த்திப் பிடித்து, இடையிடையே ஏப்பம் விடச் செய்து மெதுவாகப் புகட்ட வேண்டும். வசம்பை உரைத்து நாவில் தடவுவதும், சர்க்கரைத் தண்ணீர் புகட்டுவதும் வேண்டாம். உயிருக்கே ஆபத்தான நச்சுத்தொற்றை உண்டாக்கக்கூடும் என்பதால் ஒரு வயதுவரை தேன் கூடவே கூடாது. கிரைப் வாட்டரும் தேவையில்லை. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தோன்றிய அந்த மருந்தில் நெடுங்காலம் சாராயம் கலந்திருந்தது; பிள்ளைகள் உறங்கிப்போனதில் வியப்பில்லை.

காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலும், பச்சையாக வாந்தி எடுத்தாலும், பிள்ளை பால் குடிக்க மறுத்துத் துவண்டு கிடந்தாலும், பத்தியத்தைச் சோதித்துக்கொண்டிராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.