அமொக்சிசிலினா, குளொக்சசிலினா? குளிசை உறையைப் பார்த்து விளங்கிக்கொள்வது எப்படி

போன பெரும்போகத்துக்கு வரம்பு கட்டிக்கொண்டிருந்த ஐயாவுக்குக் கால் பெருவிரலுக்குப் பக்கத்தில் மண்வெட்டி பட்டுவிட்டது. வாய்க்கால் தண்ணியில் காலைக் கழுவிக்கொண்டு வந்தவர், தம்பியின் பல்லு நோவுக்குத் தந்து மிஞ்சிக்கிடந்த அமொக்சிசிலினை எடுத்து மூன்று நாள் போட்டார். நாலாம் நாள் கணுக்கால் வரை சிவந்து வீங்கிக் காய்ச்சலும் வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே டொக்டர் முதலில் பேனையை எடுத்து அந்தச் சிவப்பின் ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டார், பிறகு குளொக்சசிலின் எழுதினார். "இதுவும் பென்சிலின்தானே, நாங்கள் போட்டதும் பென்சிலின்தானே" என்று அம்மா கேட்டா. நிறையப் பேருக்கு இருக்கிற கேள்விதான் அது.

இரண்டும் ஒரே குடும்பம் என்பது சரி. பக்டீரியா தன்னைச் சுற்றிக் கட்டுகிற சுவரைக் கட்டவிடாமல் தடுத்துத்தான் இரண்டும் அதைக் கொல்லுகின்றன. ஆனால் தோலில் புண்ணையும் சீழையும் உண்டாக்குகிற ஸ்டபிலோகொக்கஸ் என்ற கிருமி, பென்சிலினை வெட்டி உடைக்கிற ஒரு நொதியைச் சுரக்கப் பழகிவிட்டது, அதுவும் பென்சிலின் பாவனைக்கு வந்த 1940களிலேயே. அமொக்சிசிலினையும் அந்த நொதி உடைத்துவிடும். குளொக்சசிலினின் மூலக்கூறில் பக்கத்தில் ஒரு தடித்த கிளை இருக்கிறது, அது மறைத்துக்கொண்டு நிற்பதால் நொதியால் கிட்டப் போக முடியாது. அதனால்தான் வெட்டுக்காயம் பழுத்தால், சிரங்கு, கொப்புளம், காலில் சிவந்து பரவுகிற வீக்கம் என்றால் பெரும்பாலும் குளொக்சசிலின் எழுதுவார்கள். காதுக்குள் சீழ், நியூமோனியா, பல்லடியில் கட்டு போன்றவற்றுக்கு அமொக்சிசிலின். அது வேறு பல வகைக் கிருமிகளையும் பிடிக்கும், குளொக்சசிலினுக்கு அந்த வீச்சு இல்லை, சலக்கடுப்புக்கு அதைப் போட்டுப் பலனில்லை. அமொக்சிசிலினோடு கிளவுலனிக் அமிலம் சேர்ந்து வருகிற குளிசையும் இருக்கிறது. அந்த அமிலம் நொதியை மடக்கிவிடும், என்றாலும் அதை எப்போது கொடுப்பது என்பது டொக்டரின் வேலை. தடிமனுக்கும் சாதாரண இருமலுக்கும் இதில் எதுவுமே வேண்டாம், அவை வைரஸ்.

இப்போது உறையைப் பாருங்கள். வளர்ந்தவர்களுக்கு அமொக்சிசிலின் வழக்கமாக எட்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால், ஒரு நாளைக்கு மூன்று, சாப்பிட்டும் போடலாம், சாப்பிடாமலும் போடலாம். குளொக்சசிலின் அப்படியில்லை, ஆறு மணித்தியாலத்துக்கு ஒன்றாக நாலு, அதுவும் வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் முன் அல்லது சாப்பிட்டு இரண்டு மணித்தியாலம் கழித்து. வயிற்றில் சாப்பாடு இருந்தால் மருந்து குறைவாகத்தான் இரத்தத்தில் சேரும். எங்கள் வீட்டில் பிழைத்ததும் இதில்தான், முதல் நாள் ஐயா புட்டுச் சாப்பிட்ட கையோடு குளிசையையும் போட்டுவிட்டார். பிறகு நாங்கள் நேரத்தை இப்படிப் பிரித்தோம்: விடிய ஐந்து மணிக்கு ஒன்று, ஆறரைக்குச் சாப்பாடு, பதினொன்றுக்கு ஒன்று, மத்தியானச் சாப்பாடு பன்னிரண்டரைக்கு, பின்னேரம் ஐந்துக்கு ஒன்று, இரவுச் சாப்பாடு ஏழரைக்கு, படுக்கமுன் பதினொன்றுக்குக் கடைசி. நாலு மணித் தேத்தண்ணியோடு பிஸ்கட் சாப்பிடுகிற பழக்கத்தை அந்த ஒரு கிழமையும் விட்டார். வயலுக்குப் போகிறவர் பதினொரு மணிக் குளிசையைக் கடதாசியில் சுற்றிச் சேட்டுப் பையில் வைத்துக்கொண்டு போனாலே போதும், தண்ணிப் போத்தலை மறக்காமல்.

பிள்ளைகளின் பாணி மருந்து தூளாகத்தான் வரும். கொதித்தாறின தண்ணியைப் போத்தலில் போட்டிருக்கிற கோடு வரைக்கும் விட்டு, ஒவ்வொரு முறையும் குலுக்கிக் கொடுங்கள். கரைத்த பிறகு எத்தனை நாள் வைக்கலாம், குளிரில் வைக்க வேண்டுமா என்பது போத்தலில் இருக்கும், இல்லாவிட்டால் பாமசியில் கேளுங்கள். எங்கள் வெயிலுக்கு யன்னலடியில் வைக்கக் கூடாது. குளொக்சசிலின் கசக்கும், அதற்காகப் பாலில் கலந்துவிடாதீர்கள், பால் சாப்பாட்டுக் கணக்குத்தான்.

இதை மட்டும் இரண்டு தரம் வாசியுங்கள். ஒன்றுக்கு ஒவ்வாமை இருந்தால் மற்றதுக்கும் இருக்கலாம். முன்பு அமொக்சிசிலின் போட்டு உடம்பில் தடித்தது, உதடு வீங்கியது என்றால் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் சிவப்பு மையால் எழுதி வையுங்கள், ஒவ்வொரு டொக்டரிடமும் வாயாலும் சொல்லுங்கள். குளிசை போட்ட பிறகு மூச்சு இழுத்தால், முகம் வீங்கினால், 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.

வயல் காலத்தில் காய்ச்சலும் தசை நோவும் வந்தால் வீட்டில் மிஞ்சிக்கிடப்பதைப் போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். எலிக்காய்ச்சலாக இருக்கலாம். அதைத் தடுக்க வயலில் இறங்கமுன் கொடுக்கிற டொக்சிசைக்கிளின் பென்சிலின் வகையே இல்லை. வெட்டுக்காயம் என்றால் ஏற்பு ஊசி போட்டாயிற்றா என்றும் கேளுங்கள், அதைக் குளிசை ஈடுசெய்யாது. சீழ் கட்டியிருந்தால் கீறி எடுக்க வேண்டிவரும். சீனி வருத்தம் உள்ளவர்கள் காலில் சின்னக் காயத்துக்கும் அன்றைக்கே போங்கள்.

அந்தப் பேனைக் கோட்டை நீங்களும் போடலாம். குளிசை தொடங்குகிற அன்று சிவப்பின் ஓரத்தைச் சுற்றிக் கோடு கீறி, திகதியையும் நேரத்தையும் பக்கத்தில் எழுதுங்கள். ஒழுங்காகப் போட்டும் இரண்டு நாளில் சிவப்பு கோட்டைத் தாண்டிப் போனால், அல்லது அதற்கு முன்பே நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால், உறையையும் எடுத்துக்கொண்டு திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஐயாவின் காலில் மூன்றாம் நாள் கோட்டுக்கும் சிவப்புக்கும் இடையில் ஒரு விரல் அகலத்துக்கு நல்ல தோல் தெரிந்தது. உறையில் மிச்சம் இருந்த குளிசைகளையும் அவர் முடித்தார்.