ஆட்டோமேட்டா தியரி: தொடக்கத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆட்டோமேட்டா தியரி என்பது சரங்களை (எழுத்து வரிசைகளை) படித்து ஏற்கும் அல்லது மறுக்கும் கற்பனை இயந்திரங்களைப் பற்றிய பாடம். அதில் என்னிடம் சந்தேகம் கேட்க வருகிறவர்களின் நோட்டைத் திறந்தால், படிக்கும் காலத்தில் நான் செய்த அதே தவறுகள் வரிசையாக வருகின்றன. அம்புக்குறி விடுபடுவது, தொடக்க நிலையைக் குறிக்க மறப்பது எல்லாம் ஒரு வாரத்தில் தானாகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பம்பிங் லெம்மாவில் நாமே வெட்டுவது

சரங்களின் தொகுப்பை மொழி என்போம். குறிப்பிட்ட எண்ணிக்கை நிலைகளே கொண்ட இயந்திரத்தால் அடையாளம் காண முடிந்த மொழி ரெகுலர். ஒரு மொழி ரெகுலர் அல்ல என்று காட்டப் பயன்படுவது பம்பிங் லெம்மா. அதைத் தவறாகப் பயன்படுத்துவதைப் பார்த்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வரும். போன வாரம் ஒருவர், இரட்டைப்படை நீளமுள்ள சரங்களின் மொழி ரெகுலர் அல்ல என்று 'நிரூபித்து' வந்தார். நடுத்துண்டு ஓர் எழுத்து என்று வைத்தாராம். அதை இரட்டித்ததும் நீளம் ஒற்றைப்படை ஆகிவிட்டதாம். ஆனால் அந்த மொழிக்கு இரண்டே நிலைகள் கொண்ட டிஎஃப்ஏ (எந்த நிலையிலும் ஓர் எழுத்துக்கு ஒரே பாதை உள்ள இயந்திரம்) போதும்; அதாவது அது ரெகுலர்!

லெம்மா சொல்வது இது: ரெகுலர் மொழிக்கு பி என்ற ஒரு நீளம் உண்டு. மொழியில் அதற்குக் குறையாத நீளமுள்ள சரம் எதையும் மூன்றாக வெட்ட ஏதோ ஒரு வழி இருக்கும்; நடுத்துண்டை எத்தனை முறை எழுதினாலும் சரம் மொழிக்குள்ளேயே நிற்கும். நடுத்துண்டு காலியாக இருக்கக் கூடாது, முதல் இரண்டு துண்டும் பி எழுத்துக்குள் அடங்க வேண்டும். ஆக, மறுக்க வேண்டுமானால் எந்த வெட்டும் உதவாது என்று காட்ட வேண்டும். சரத்தைத் தேர்வது நாம். பி எவ்வளவு, எங்கே வெட்டுவது என்பதெல்லாம், மொழி ரெகுலர் என்று வாதிடும் கற்பனை எதிராளியின் உரிமை.

சில 0, அப்புறம் அதே எண்ணிக்கையில் 1 என்ற மொழிக்கு நான் 000111-ஐ எடுத்து, நடுத்துண்டு 01 என்று எழுதினேன். முடிவு உண்மை என்பதால் திருத்தியவர் டிக் போட்டுவிட்டார். அந்த டிக்கை நம்பி ஒரு செமஸ்டர் முழுக்க அப்படியே எழுதி, தேர்வில் அந்தக் கேள்வியை முழுதாக இழந்தேன்.

சரியான வழி: பி 0-கள், பின் பி 1-கள். முதல் இரண்டு துண்டும் பி எழுத்துக்குள் இருப்பதால், எதிராளி எங்கே வெட்டினாலும் நடுத்துண்டில் 0 மட்டுமே இருக்கும். இரட்டித்தால் 0 கூடும், 1 கூடாது.

லெம்மா பொருந்தினால் ரெகுலர் என்பது

இல்லை. பொருந்தியும் ரெகுலர் அல்லாத மொழிகள் உண்டு.

வெற்று மொழியையும் வெற்றுச் சரத்தையும் ஒன்றாக எண்ணுவது

வெற்று மொழியில் ஒரு சரம்கூட இல்லை. மற்றது நீளம் 0 உள்ள சரம்.

என்எஃப்ஏவில் ஏற்பு நிலைகளைத் திருப்பிப்போடுவது

என்எஃப்ஏ என்பது ஒரே எழுத்துக்குப் பல பாதைகள் இருக்கக்கூடிய இயந்திரம்; ஏதாவது ஒரு பாதை ஏற்பு நிலையில் முடிந்தால் சரம் ஏற்கப்படும். நிரப்பு மொழி (அதாவது மூல மொழியில் இல்லாத சரங்கள் எல்லாம்) வேண்டுமென்று ஏற்பு நிலைகளையும் மற்ற நிலைகளையும் மாற்றிப்போடும் முன், முதலில் டிஎஃப்ஏ ஆக்குங்கள். என்எஃப்ஏவில் ஒரே சரத்துக்கு ஏற்கும் பாதையும் ஏற்காத பாதையும் இருக்கலாம். திருப்பிப்போட்டாலும் அது ஏற்கப்பட்டுவிடும். மாற்றும்போது நிலைகள் பெருகும் என்பதற்குத் தயாராக இருங்கள். 0, 1 சரங்களில் 'கடைசியிலிருந்து பத்தாவது எழுத்து 1' என்ற மொழிக்கு என்எஃப்ஏவில் 11 நிலைகள் போதும், டிஎஃப்ஏவுக்குக் குறைந்தது 1024 வேண்டும்.