புது டிஸ்க் போட்டும் ஸ்டியரிங் ஆடுகிறதா? வீட்டில் பிரேக் மாற்றுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரின் பிரேக் வேலையைத் தாங்களே செய்து பார்ப்பவர்கள் எங்கள் குடியிருப்பில் கூடிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்க்கிங்கில் இறங்கினால் யாராவது ஒருவர் முன்சக்கரத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் நாங்களெல்லாம் கற்றுக்கொண்ட காலத்தில் எங்கெங்கே சறுக்கினோமோ, அங்கேயேதான் இவர்களும் சறுக்குகிறார்கள்.

எந்த போல்ட்டை முதலில் கழற்றுவது, சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கை அழுத்தி வண்டியை நிறுத்தும் பேடை எந்தப் பக்கம் பார்த்து மாட்டுவது என்பதையெல்லாம் வீடியோக்களே காட்டிவிடுகின்றன. அதை நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. வீடியோவில் இரண்டு நொடிகூட வராத, ஆனால் பணத்தையும் சில நேரம் உயிரையும் கேட்கிற விஷயங்களை மட்டும் எழுதுகிறேன். பெரும்பாலும் முன்பக்கம் டிஸ்க், பின்பக்கம் டிரம் உள்ள சாதாரண ஹேட்ச்பேக்கை மனதில் வைத்துத்தான் சொல்கிறேன்.

ஜாக்கியை நம்பிக் கை வைப்பது

தூக்கிய காரைத் தாங்கி நிற்கும் ஜாக் ஸ்டாண்ட் இல்லையென்றால் வேலையைத் தொடங்காதீர்கள்.

அளக்காமல் வாங்குவது

பேட் தேய்ந்தாலே டிஸ்க்கும் போச்சு என்று ஒரு கூட்டம். டிஸ்க் ஆயுளுக்கும் வரும் என்று இன்னொரு கூட்டம். இரண்டுமே அளந்து பார்க்காமல் பேசுவது. ஒவ்வொரு டிஸ்க்கிலும் குறைந்தபட்ச தடிமன் என்ன என்று விளிம்பிலோ நடுப்பகுதியிலோ பொறித்திருப்பார்கள். 22 மி.மீ. தடிமனில் வரும் டிஸ்க் என்றால் 20 மி.மீ. கீழ் எல்லையாக இருப்பது வழக்கம். அதை வெர்னியரை வைத்து அளந்தால் ஏமாந்து போவீர்கள். பேட் தொடாத வெளி விளிம்பில் ஒரு வரப்பு நின்றிருக்கும். வெர்னியரின் தாடை அந்த வரப்பைப் பிடித்துக்கொண்டு, தேயாத தடிமனைக் காட்டும். மைக்ரோமீட்டரால் விளிம்பிலிருந்து ஒரு சென்டிமீட்டர் உள்ளே தள்ளி, சுற்றிலும் நாலைந்து இடத்தில் அளக்க வேண்டும்.

டிஸ்க் மாற்றுவதென்றால் இடது, வலது இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். புது டிஸ்க்குக்குப் பழைய பேட் போடாதீர்கள்.

ஹப்பைச் சுத்தம் செய்யாமல் புது டிஸ்க்கை மாட்டுவது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் மூட்டுகிற தவறு இதுதான். செய்தவருக்குத் தான் தவறு செய்தது கடைசிவரை தெரிவதே இல்லை என்பதுதான் எரிச்சலுக்குக் காரணம்.

மாட்டிய அன்று வண்டி அருமையாக நிற்கும். சில மாதம் கழித்து, சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகு, நெடுஞ்சாலையில் 80, 90 வேகத்தில் பிரேக்கை மிதிக்கும்போது ஸ்டியரிங் லேசாக ஆடும். அப்புறம் பெடலும் காலுக்கடியில் துடிக்கும். காட்டினால் எல்லோரும் ஒரே பதிலைச் சொல்வார்கள்: "டிஸ்க் பெண்ட் ஆயிடுச்சு." மட்டமான சரக்கைத் தலையில் கட்டிவிட்டான் என்று கடைக்காரரிடம் சண்டை நடக்கும். லேத்தில் கொடுத்து மேற்பரப்பைச் சமமாகச் சீவி, அதாவது ஸ்கிம் செய்து, மாட்டுவார்கள். சில மாதத்தில் மறுபடியும் ஆடும்.

சாதாரணமாக ஓட்டுகிற வண்டியில் டிஸ்க் வளைந்துபோவது மிக அபூர்வம். நடப்பது வேறு. சக்கரத்தின் நடுவில் டிஸ்க் உட்காரும் ஹப்பின் முகத்தில் துருச் செதில் ஒன்று மிச்சமிருந்தால் போதும். அடுப்பின் ஒரு பக்கம் சிறு கல் சிக்கினால் தோசைக்கல் சாய்வது போல டிஸ்க் சாய்ந்து உட்காரும். ஹப் முகத்தின் விட்டம் 13 செ.மீ., டிஸ்க்கின் விட்டம் 25 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹப்பின் ஓரத்தில் இருக்கும் 0.05 மி.மீ. செதில், டிஸ்க்கின் விளிம்புக்கு வரும்போது ஏறக்குறைய 0.1 மி.மீ. ஆட்டமாகப் பெருகிவிடும். பல கார்களில் அனுமதிக்கும் ஆட்டமே 0.05 முதல் 0.10 மி.மீ.க்குள்தான்.

இந்த ஆட்டம் அன்றைக்கே உங்கள் கைக்குத் தெரியாது. பேடுகளைத் தாங்கி டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பர் பக்கவாட்டில் நகரக்கூடியது. அது ஈடு கொடுத்துவிடும். ஆனால் பிரேக்கை மிதிக்காமல் ஓட்டும்போதும் டிஸ்க்கின் மேடான பகுதி ஒவ்வொரு சுற்றிலும் பேடை லேசாக உரசிக்கொண்டே இருக்கும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் அப்படி உரசினால் அந்த இடம் மட்டும் தேயும், சில நேரம் பேடின் பொருள் அங்கே படியும். ஆக ஒரே டிஸ்க்கில் ஒரு பக்கம் தடிமன் குறைவு, இன்னொரு பக்கம் கூடுதல். இந்த வித்தியாசம் 0.02 மி.மீ. வந்தாலே ஸ்டியரிங் ஆடத் தொடங்கிவிடும். தலைமுடியின் தடிமனில் பாதிகூட இல்லை அது. லேத்தில் ஸ்கிம் செய்தால் இந்த வித்தியாசம் போய்விடும். சாய்வு போகாது. டிஸ்க் திரும்பவும் அதே அழுக்கு ஹப்பில்தானே உட்காரப் போகிறது!

திருவான்மியூரில் கடற்கரைக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கும் நண்பர் ஒருவர் இதற்கு இரண்டு முறை டிஸ்க் வாங்கினார். முதல் தடவை அவரே மாட்டினார். ஆடத் தொடங்கியதும் ஒரு ஒர்க்‌ஷாப்பில் கொடுத்து, புதிதாக இன்னொரு ஜோடி போட்டுக்கொண்டார். அதுவும் சில மாதத்தில், திண்டிவனம் போய் வரும்போது, ஆட ஆரம்பித்துவிட்டது என்று புலம்பினார். வலப்பக்கத்தைப் பிரித்து, டிஸ்க்கைக் கழற்றித் திருப்பிப் பார்த்தேன். ஹப்போடு ஒட்டுகிற வட்டம் முழுக்க மங்கலான சாம்பல் நிறம். ஓரத்தில், வீல் நட்டு ஏறும் ஸ்டட்டின் துளைக்கும் வட்டத்தின் விளிம்புக்கும் நடுவே, சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரே ஒரு பளபளப்பான திட்டு. அதற்கு நேராக ஹப்பில் ஒரு துருச் செதில், நசுங்கிக் கறுத்து, ஹப்போடு ஹப்பாக ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினால் வரவில்லை. உளி முனையை வைத்து ஒரு தட்டுத் தட்டியதும் சில்லாகப் பெயர்ந்து கீழே விழுந்தது. இரண்டு ஜோடி டிஸ்க்கின் விலை அந்தச் சில்லுதான்.

கடலோர ஊர்களில் இந்தத் துரு சீக்கிரம் ஏறும். தண்ணீரில் நின்ற வண்டிகளில் இன்னும் மோசம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் நாள்கணக்கில் வெள்ளத்தில் நின்ற கார்களின் உரிமையாளர்கள், அடுத்து டிஸ்க் மாற்றும்போது ஹப்பைக் கட்டாயம் பாருங்கள்.

சரி, என்ன செய்ய வேண்டும்? டிஸ்க்கைக் கழற்றியதும் ஹப்பின் முகத்தை வயர் பிரஷ்ஷாலும், பிறகு எமரி ஷீட்டாலும் வெறும் இரும்பு தெரியும்வரை தேயுங்கள். எல்லோரும் தட்டையான இடத்தைத் தேய்த்துவிட்டு விட்டுவிடுகிறார்கள். துரு ஒளிந்திருப்பது ஒவ்வொரு ஸ்டட்டின் அடியைச் சுற்றி இருக்கும் வளையத்திலும், ஹப்பின் நடுமேடு தொடங்கும் மூலையிலும்தான். ஸ்டட்டின் மேல் மாட்டிச் சுற்றுகிற, துரு தேய்க்கும் வட்டமான பேட் ட்ரில்லுக்குக் கிடைக்கிறது; ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இரும்பையே அராவிவிடாதீர்கள், துருவை எடுத்தால் போதும். கடைசியில் விரல் நுனியால் சுற்றிலும் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாதது விரலுக்குத் தெரியும். முகத்தில் கிரீஸை அப்பாதீர்கள், அதுவும் ஒரு தடிமன்தான். அடுத்த தடவை டிஸ்க் சிக்கிக்கொள்ளுமே என்று பயந்தால் நடுமேட்டின் விளிம்பில் மட்டும் லேசாகத் தடவுங்கள்.

சுத்தமாகத் தேய்த்தவர்களும் கோட்டை விடுகிற ஓர் இடம் இருக்கிறது. டிஸ்க்கை ஹப்பில் மாட்டியதும், சக்கரம் இல்லாததால் அது தளர்வாகத் தொங்கும். காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டை மாட்டும் அசைவில் டிஸ்க் முன்னே சாயும். பின்னாலிருக்கும் தகட்டிலிருந்து துருத் துகள் உதிர்ந்து இடுக்கில் விழும். ஆகவே டிஸ்க்கை வைத்த உடனே வாஷர் போட்டு இரண்டு வீல் நட்டுகளால் இறுக்கிவிடுங்கள். கடைசியாகச் சக்கரம் மாட்டும்போது கழற்றினால் போதும்.

ஆட்டத்தை முள்ளால் காட்டும் டயல் கேஜும் காந்த ஸ்டாண்டும் இருந்தால் அப்போதே அளந்துவிடலாம். எல்லா நட்டையும் வாஷரோடு சமமாக இறுக்கி, முனையை டிஸ்க்கின் விளிம்பிலிருந்து ஒரு சென்டிமீட்டர் உள்ளே வைத்து, மெதுவாக ஒரு சுற்று சுற்றுங்கள். மேனுவலில் உள்ள எல்லையை முள் தாண்டினால் டிஸ்க்கைக் கழற்றி அடுத்த ஸ்டட்டுக்கு மாற்றி மாட்டி மறுபடி பாருங்கள். டிஸ்க்கின் சாய்வும் ஹப்பின் சாய்வும் ஒன்றையொன்று ஈடுகட்டும் இடம் ஒன்று பெரும்பாலும் கிடைக்கும். எந்த இடத்திலும் சரிவரவில்லையென்றால் ஹப்போ பேரிங்கோ பள்ளத்தில் விழுந்து அடிபட்டிருக்கும். அதற்கு டிஸ்க்கை மாற்றிப் பயனில்லை. நண்பரின் காரில் செதிலோடு 0.14 காட்டிய முள், சுத்தம் செய்த பிறகு 0.03-ல் நின்றது.

இதே ஆட்டத்தைக் கடைசி நிமிடத்திலும் வரவழைக்கலாம். பஞ்சர் கடையில் இம்பாக்ட் கன்னால் ஒரு நட்டை முழுக்க அடித்துவிட்டு அடுத்ததற்குப் போவார்கள். டிஸ்க் ஒரு பக்கமாக இழுபடும். கையால் எல்லா நட்டையும் உட்காரவைத்து, குறுக்கு வரிசையில், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இரண்டு கட்டமாக இறுக்குங்கள். பல சிறிய கார்களுக்கு 85 முதல் 110 நியூட்டன் மீட்டர் வரை சொல்லியிருப்பார்கள். உங்கள் காருக்கு எவ்வளவு என்று மேனுவலில் பாருங்கள்.

காலிப்பரை ஹோஸில் தொங்கவிடுவது

பிரேக் ஆயில் போகும் ரப்பர் ஹோஸில் பாரம் விழாதபடி, கம்பி போட்டுச் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் கட்டுங்கள்.

பிஸ்டனை நெம்பித் தள்ளுவது

தடிமனான புது பேட் நுழைய, பேடைத் தள்ளும் பிஸ்டனைக் காலிப்பருக்குள் தள்ள வேண்டும். ஸ்க்ரூடிரைவரை இடுக்கில் விட்டு நெம்பினால் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரப்பர் உறை கிழியும். கிழிந்தால் தண்ணீர் இறங்கி, பிஸ்டன் துருப்பிடித்துச் சிக்கிக்கொள்ளும். பழைய பேடைப் பிஸ்டன் மேல் வைத்து ஜி கிளாம்ப்பால் மெதுவாக அழுத்துங்கள். அதற்கு முன் பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவைப் பாருங்கள். பேட் தேயத் தேய அளவு இறங்கியதைப் பார்த்து யாராவது முழுக்க ஊற்றி வைத்திருந்தால், பிஸ்டன் உள்ளே போகும்போது ஆயில் பொங்கி வழியும். பெயின்ட்டை உரித்துவிடும். ஊசி இல்லாத சிரிஞ்சால் கொஞ்சம் எடுத்துவிட்டு ஆரம்பியுங்கள். பெயின்ட்டில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

பின்பக்கமும் டிஸ்க் உள்ள கார் என்றால் இன்னொரு எச்சரிக்கை. ஹேண்ட்பிரேக் காலிப்பரோடு சேர்ந்து வந்தால், பல கார்களில் பிஸ்டனைத் திருகிக்கொண்டேதான் உள்ளே தள்ள வேண்டும். வெறுமனே அழுத்தினால் உள்ளிருக்கும் திருகு உடையும். எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் என்றால் முதலில் அதன் மோட்டார் பிடியை விடும் சர்வீஸ் மோடுக்குக் கொண்டுபோகாமல் எதையும் தொடாதீர்கள்.

கைடு பின்னுக்குக் கையில் கிடைத்த கிரீஸ்

காலிப்பர் வழுக்கி நகரும் கைடு பின்னில் வீட்டில் இருக்கும் சாதாரண பேரிங் கிரீஸைத் தடவுகிறார்கள். அதிலுள்ள பெட்ரோலிய எண்ணெய் பிரேக் ரப்பரை ஊதவைக்கும். கைடு பின் இறுகிப்போகும். அப்புறம் காலிப்பர் நகராது. உள்பக்கப் பேட் இரும்புவரை தேய்ந்திருக்கும், வெளிப்பக்கப் பேட் பாதி அப்படியே இருக்கும். பிரேக்குக்கென்று விற்கும் சிலிகான் கிரீஸை மட்டும் போடுங்கள். சில கார்களில் இரண்டு பின்னில் ஒன்றின் முனையில் ரப்பர் இருக்கும். மேல், கீழ் மாற்றிப் போட்டுவிடாதீர்கள். கழற்றும் முன் ஒரு போட்டோ எடுத்துவையுங்கள்.

பிராக்கெட்டில் பேடின் காதுகள் உட்காரும் இடத்தையும் பாருங்கள். கிளிப்பைக் கழற்றினால் அடியில் துரு இருக்கும். அதைத் தேய்த்து எடுத்தால் பேட் கையாலேயே வழுக்கிக்கொண்டு உட்காரும். சுத்தியலால் தட்டி உள்ளே இறக்கிய பேட் பிரேக்கை விட்ட பிறகும் டிஸ்க்கைப் பிடித்துக்கொண்டே இருக்கும்.

புது டிஸ்க்கை அப்படியே மாட்டுவது

துரு பிடிக்காமல் இருக்க எண்ணெய் பூசியிருப்பார்கள். பிரேக் கிளீனரால் இரு பக்கமும் துடையுங்கள். கிளீனர் இல்லையா, சோப்பு போட்டு வெந்நீரில் கழுவி நன்றாகக் காயவையுங்கள். மண்ணெண்ணெய், டீசல் வேண்டவே வேண்டாம். எண்ணெய்ப் பசை தங்கும், பேட் அதை உறிஞ்சினால் பேடைத் தூக்கிப் போட வேண்டியதுதான். பழைய பேடின் தூசியை ஏர் அடித்து ஊதாதீர்கள், அது மூச்சுக்குள் போகக் கூடாதது. ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

பெடலை மிதிக்காமல் வண்டியை எடுப்பது

பிஸ்டன் உள்ளே போயிருக்கிறது, முதல் மிதியில் பிரேக் பிடிக்காது. பெடல் கெட்டியாகும்வரை மிதித்த பிறகுதான் கியர். பார்க்கிங் சுவரில் மோதிய கார்களை நான் பார்த்திருக்கிறேன். அங்கே சுவருக்குப் பதில் ஒரு குழந்தை நின்றிருக்கலாம்.

பழக்காமல் ஓட்டுவது

புது பேடும் புது டிஸ்க்கும் ஒன்றோடொன்று படிய வேண்டும். பேடின் உறையில் தயாரிப்பாளர் முறை சொல்லியிருந்தால் அதன்படி செய்யுங்கள். இல்லையென்றால், விடிகாலையில் ஆளில்லாத சாலையில் 50 கி.மீ. வேகத்திலிருந்து 10 வரை மிதமாகக் குறையுங்கள். இடையில் ஆற விட்டு, எட்டுப் பத்துத் தடவை. பின்னால் வண்டி வராத இடமாக இருக்கட்டும். முழுக்க நிறுத்திப் பெடலை அழுத்திப் பிடித்திருக்காதீர்கள். சூடான பேட் தன் அச்சை டிஸ்க்கில் பதித்துவிடும். வீட்டுக்கு வந்ததும் சூட்டோடு சூடாக வாட்டர் வாஷ் செய்வதும் கூடாது.

முதல் சில நூறு கிலோமீட்டருக்குத் திடீர் பிரேக் தேவைப்படாதபடி இடைவெளி விட்டு ஓட்டுங்கள். நூறு கிலோமீட்டர் ஓடுவதற்குள் ஒரு தடவை, சக்கரம் ஆறிய பிறகு, வீல் நட்டுகளை டார்க் ரெஞ்சால் சரிபாருங்கள். அப்படியே பிரேக் ஆயில் அளவையும் பார்த்து, காலிப்பரைச் சுற்றி ஈரம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் வண்டியை எடுக்காமல் மெக்கானிக்கை அங்கேயே வரச் சொல்லுங்கள்.